எனக்கு உறைக்காத சிவப்புக் காளான்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருக்கும், நாள் முன்பின்னாக மாறிக் கிடக்கும், சில விஷயங்கள் மறந்தே போயின. பொறுத்துக்கொள்ளுங்கள். "ஊருக்குப் போய் வந்ததை எழுதித் தாங்கோ அன்ரி, சங்க மலரிலை போடுவம்" என்று சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். நாலு பேருக்கு முன்னால் கதைக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடதாசியில் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. அதனால் ஒத்துக்கொண்டேன்.

எழுத எனக்கும் ஒரு தேவை இருக்கிறது. இங்கே நோர்வேக் காட்டில் நான் பிடுங்கிய ஒரு சிவப்புக் காளானை, யாழ்ப்பாணத்தில் என் பெறாமகள், அக்காவின் மகள், கறி வைத்துச் சாப்பிட்டாள். அவள் வயிற்றில் பிள்ளை. அந்தக் காளான் எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காளான் கதையை முதலில் சொல்கிறேன். என் கீழ் வீட்டில் மாரித் என்று ஒரு நோர்வேக்காரி இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். புரட்டாதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடையும் சின்னக் கத்தியுமாக இருவரும் காட்டுக்குப் போவோம். அவருடைய பாஷை எனக்குப் பாதி விளங்கும், மிச்சத்தை அவர் கையால் காட்டுவார்.

அவர் காட்டித் தந்தது இது. சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் விட்டுவிட வேண்டும், அது பிள்ளைகளின் படப் புத்தகங்களில் வரும் நஞ்சுக் காளான். ஆனால் மழை பெய்தால் பொட்டுகள் கழுவுப்பட்டுப் போகும். ஆகவே தண்டையும் பார்க்க வேண்டும். நஞ்சுக் காளானின் தண்டில் பாவாடை மாதிரி ஒரு வளையம் இருக்கும், அடி வெங்காயம் போல வீங்கியிருக்கும். எங்களுக்கு வேண்டிய குடும்பத்தில் வளையமும் இல்லை, வீக்கமும் இல்லை. தண்டை வளைத்தால் நார் நாராகக் கிழியாது, பள்ளிக்கூடத்து வெண்கட்டி போல டக்கென்று முறியும். தொப்பிக்குக் கீழே இருக்கிற இதழ்களைத் தடவினால் உதிர்ந்து கையில் வரும். அந்தக் குடும்பத்தை இங்கே கிறெம்லே என்பார்கள்.

குழப்பம் அதற்குப் பிறகுதான். கிறெம்லேக்குள்ளும் சிவப்பு ஒன்றல்ல. நல்லது பெரிது. இளசில் ஜம்புப்பழம் போல உருண்டு நிற்கும், இதழில் லேசாக மஞ்சள் தட்டும், தண்டில் றோஸ் நிறம் பூசினது போல இருக்கும். எல்லாத் தண்டிலும் இராது. கெட்டது பளிச்சென்ற சிவப்பு, இதழும் தண்டும் சுத்த வெள்ளை, பாசி ஊறிய ஈர நிலத்தில் முளைக்கும். அதைச் சாப்பிட்டால் சத்தி என்கிற வாந்தி, வயிற்றோட்டம். இரண்டும் ஒரே காட்டில் கூப்பிடு தூரத்தில் நிற்கும்.

கடைசிச் சோதனை நாக்கு. கிறெம்லேதான் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு ஊசித் தலையளவு கிள்ளி, நுனிநாக்கில் வைத்து மென்று துப்ப வேண்டும். "எரிந்தால் எறிந்துவிடு, எரியாவிட்டால் கூடைக்குள் போடு" என்பார் மாரித். இவ்வளவும் பார்த்த பிறகும் அவர் நேரே சமைக்க மாட்டார். காட்டுக்கு வெளியே ஒரு மேசை போட்டு, காளான் படித்தவர்கள் உட்கார்ந்து எல்லாருடைய கூடையையும் சரிபார்ப்பார்கள். அங்கே காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

போன புரட்டாதிக் கடைசி ஞாயிறு மாரித்துக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. நான் தனியே போனேன். சிவப்பாக நிறையக் கிடைத்தது. ஒவ்வொன்றையும் கிள்ளி நாக்கில் வைத்தேன். எரியவில்லை. மேசையில் பெரிய வரிசை நின்றது. வரிசையில் நின்று, என் பாதிப் பாஷையில் அந்த மனிதருக்கு விளக்கம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே வீட்டுக்குப் போய், நறுக்கி, நூலில் கோத்து, ஹீற்றருக்கு மேலே காயவிட்டேன்.

இனிப் பயணம். கொக்குவிலில் என் அக்கா தனியே இருக்கிறா. அவவுக்குக் கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். குனியக் கூடாது, அடுப்புப் புகை படக் கூடாது, தலைக்குத் தண்ணீர் வார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சமைத்துக் கொடுக்க நான் போனேன். காய்ந்த காளானில் ஒரு பை எடுத்துப் போனேன். சொக்கிலேற் எல்லாரும் கொண்டு போவார்கள், இது என் கையால் செய்தது என்று ஒரு எண்ணம்.

போன அன்றே குழப்பம். கொழும்பிலிருந்து வந்த ரயில் அக்கா வீட்டு மதில் தெரியக் கொக்குவிலைத் தாண்டி நிற்காமல் ஓடியது. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு கதவடியில் நிற்கிறேன். பக்கத்தில் நின்ற ஐயா, "இது எல்லா இடமும் நிக்காது தங்கச்சி. இஞ்சை நிக்கிறதெண்டால் வேறை கோச்சியிலை வந்திருக்க வேணும்" என்றார். அடுத்து நின்ற இடத்தில் இறங்கி ஓட்டோவில் திரும்பி வந்தேன். நோர்வேயில் ரயில் நிற்காவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அங்கே அந்த ஐயா என் பெட்டியையும் இறக்கித் தந்து, எனக்கு எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்டார்.

அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் நின்றா. பையைத் தடவிப் பார்த்தா.

"உதென்ன, கருவாடோ?"

"காளான் அக்கா. காட்டிலை நானே பிடுங்கினது."

"மச்சமோ, மரக்கறியோ?"

"மரத்துக்குக் கீழை முளைக்கிறது. மரக்கறிதான்."

"பாம்பும் மரத்துக்குக் கீழைதான் கிடக்குது" என்றுவிட்டு மணந்து பார்த்தா. "இறைச்சி மணமெல்லே வருது. நான் வெள்ளி செவ்வாய் விரதம் பிடிக்கிறவள். உதை அங்கால வை."

நான் அலுமாரியில் வைத்தேன். பிறகு மறந்துபோனேன். மூன்று நாள் சமையலும் கண்ணுக்கு மருந்து விடுவதுமாகப் போயிற்று. பத்து மணி வெயிலில் குசினிக்குள் நிற்க ஏலாது, கோழி போல வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அக்காவுக்கு நான் வைத்த கறி ஒன்றும் பிடிக்கவில்லை. "உறைப்பே இல்லை, ஆசுபத்திரிச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு" என்று ஒவ்வொரு நேரமும் இன்னும் ஒரு கரண்டி மிளகாய்த்தூள் போடச் சொன்னா.

வெள்ளிக்கிழமை என்னைக் கீரிமலைக்கு அனுப்பினா. அக்காவின் மகள் கமலிக்காக ஒரு நேர்த்தி. கமலிக்கு முப்பத்தாறு வயது, உடுவிலில் இருக்கிறாள். புருசனுக்கு வேலை வவுனியாவில், சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். அவளுக்கு இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. இது நாலாம் மாதம். தன் கண்ணில் தண்ணீர் படக் கூடாதென்பதால் என்னைக் குளித்துவிட்டு அவளுடைய பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னா.

பெண்களின் கேணியில் தண்ணீர் குளிராக நன்றாக இருந்தது. மதிலுக்கு அப்பால் கடல் அடித்துக்கொண்டிருக்க, இங்கே நல்ல தண்ணீர் ஊறுகிறது. எப்படி என்று எத்தனை பேர் சொல்லியும் எனக்கு விளங்கியதில்லை. கோயிலில் ஐயர் நட்சத்திரம் கேட்டார். என் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன். பிறகு கமலியினது என்று திருத்தி, இரண்டாம் தரமும் அர்ச்சனை செய்வித்தேன்.

வெளியே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். அடுத்த மேசையில் ஒரு வெள்ளைக்காரரும் மனைவியும் கடலை வடை தின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் ஒரு கடி கடித்தாள். முகம் சிவந்து, கண்ணால் நீர் ஓடி, நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறினாள். புருசன் தண்ணீர்ப் போத்தலைத் தேடி அங்குமிங்கும் ஓடினார்.

கடைக்காரர் எனக்குத் தட்டு வைத்துக்கொண்டு சிரித்தார். "அவைக்கெண்டு மிளகாய் போடாமல் சுட்டதம்மா. மிளகுதான் ரெண்டு கிடக்கு. அதுக்கே உந்தப் பாடு."

"எனக்கும் அதே வடையோ?"

"ஓம், அதே தாச்சியிலை பொரிச்சதுதான்."

நான் கடித்தேன். ஒன்றுமில்லை. கொஞ்சங்கூட உறைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாரித் எரிந்தால் என்று சொன்னது அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் நாக்கு எரிகிற எரிவு. நான் எரியவில்லை என்று சொன்னது அக்கா வீட்டுத் தூள் தின்று வளர்ந்த நாக்கால். அந்த ஞாயிறு ஒன்றிரண்டு துண்டு நாக்கில் சுள்ளென்றது எனக்கு நினைவு வந்தது. இதெல்லாம் ஒரு உறைப்போ என்று கூடைக்குள் போட்டிருந்தேன். வடையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

அவசரத்தில் வந்த பஸ்ஸில் ஏறினேன். கொஞ்சத் தூரம் போன பிறகு கொண்டக்டர், "அம்மா, இது அளவெட்டிப் பஸ். நீங்கள் கொக்குவிலெண்டால் இறங்கி மற்றப் பஸ் எடுங்கோ" என்றார். இறங்கி வெயிலில் நின்றேன். வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தால் பை இல்லை.

"அக்கா, காளான் எங்கை?"

"குடுத்திட்டன். புதன்கிழமை நீ மருந்துக் கடைக்குப் போகேக்கை திரேசம்மா மீன் கொண்டு வந்தவ. அவவுக்குப் பாதி. மற்றப் பாதியைக் கமலிக்குக் குடுத்தனுப்பினன். வயித்துப்பிள்ளைக்காரி, புதுசா ஏதும் தின்ன ஆசைப்படுவாள்."

திரேசம்மா குருநகரிலிருந்து இருபது வருடமாக அக்காவுக்கு மீன் கொண்டு வருகிறவ. விஷயத்தைச் சொன்னேன்.

"திருப்பி வாங்க வேணும் அக்கா. இப்பவே."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? அதுவும் கர்ப்பிணியிட்டை? என்னண்டு சொல்லிக் கேப்பாய்? என்ரை தங்கச்சி நோர்வேயிலையிருந்து நஞ்சு கொண்டு வந்தவள் எண்டோ?"

அக்காவே கமலிக்குப் போன் எடுத்தா. மணி அடித்து அடித்து நின்றது. பிறகு திரேசம்மாவுக்கு எடுத்தா. அக்காவுக்குக் காதும் கொஞ்சம் மந்தம், அதனால் போனில் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பா. திரேசம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஓம் அக்கா, நேற்று அவருக்குக் கொஞ்சம் வச்சுக் குடுத்தனான். இரவு முழுக்கச் சத்தி. ஆனால் கள்ளும் குடிச்சவர், எதாலை எண்டு என்னண்டு சொல்றது?"

அக்கா போனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினா.

ஓட்டோவில் ஏறினோம். ரயில் கடவையில் கேற் போட்டிருந்தது. ஓட்டோக்காரர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, "அம்மாவுக்கு எந்தக் கண் வெட்டினது?" என்று அக்காவிடம் கதை கேட்டார். அக்கா இரண்டு கையாலும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ கேற்றைப் பார் தம்பி" என்றா.

கமலி கேற்றடிக்குச் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். "போன் சாஜிலை கிடக்கு அம்மா. என்ன ரெண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல்? சின்னம்மா, உங்கடை காளான் நல்லாயிருந்தது. இறைச்சி மாதிரி."

"சாப்பிட்டிட்டியோ?"

"மத்தியானம் கறி வச்சனான். வெள்ளிக்கிழமைக்கு நல்ல மரக்கறிதானே."

"முழுக்கவோ?"

"அம்மா தந்தது முழுக்கவும். பிறகு சத்தியும் எடுத்தனான்" என்றாள்.

அக்கா என் கையைக் கிள்ளினா, சொல்லாதே என்று. என் வாழ்க்கையில் நான் பெரும்பாலும் சொல்லாமல்தான் இருந்திருக்கிறேன். அன்றைக்குச் சொன்னேன். மேசைக்குப் போகாததையும் சொன்னேன். கமலி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சின்னம்மா, நான் ஒவ்வொரு நாளும்தானே சத்தி எடுக்கிறன். எது உங்கடை, எது பிள்ளையின்ரை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றுவிட்டுக் கிளினிக் அட்டையை எடுக்க உள்ளே போனாள்.

ஆசுபத்திரியில் வயதில் குறைந்த ஒரு லேடி டொக்டர். பொறுமையாகக் கேட்டா. என்ன காளான், பெயர் என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது. கிறெம்லே என்றேன். இங்கிலீசில் என்ன என்று கேட்டா. தெரியாது என்றேன். சிவப்பு என்றேன். கமலி, "கறியிலை போடேக்கை மண்ணிறமாத்தான் கிடந்தது" என்றாள்.

"கறி நாக்கு எரிஞ்சதோ?" என்று டொக்டர் கேட்டா.

"நாலு கரண்டி தூள் போட்டனான் டொக்டர். எரியாமல் என்ன?"

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தா. சாட்சி கேட்க ஒரு நாக்கும் இல்லை. எங்களில் உறைப்பு அறியாத நாக்கு கமலியின் வயிற்றில் இருந்த பிள்ளையினது மட்டும்தான்.

வயிற்றில் ஒரு கருவியை வைத்தார்கள். முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது. அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டா, கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும். பிறகு குதிரை ஓடுவது போல டக்டக்கென்று கேட்டது. கமலி அழுதாள். டொக்டர், "இப்ப நல்லாயிருக்கு. நாளைக்கு வரைக்கும் வச்சுப் பாப்பம். மிச்சத் துண்டு ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ" என்று சொல்லி சேலைன் ஏற்றுவித்தா. கமலியின் புருசனுக்கு அக்கா போன் எடுத்தா.

மிச்சம் இருந்தால் திரேசம்மாவிடம்தான் இருக்கும். சனி காலையில் நான் குருநகருக்குப் போனேன். வழி கேட்கத் தெரியாமல் கோயிலை இரண்டு தரம் சுற்றினேன். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர், "ஆரைத் தேடுறியள்?" என்று அவராகவே கேட்டுக் கொண்டுபோய் விட்டார்.

திரேசம்மாவின் புருசன் அந்தோனி வாசலில் உட்கார்ந்து பழஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருந்தார்.

"அக்கா, கள்ளிலை ஒரு குற்றமும் இல்லை. முப்பது வருசமாக் குடிக்கிறன். காளான்தான்" என்றார்.

உள்ளேயிருந்து திரேசம்மா, "உந்தாள் போன கிழமையும் சத்தி எடுத்தவர். அப்ப காளான் எங்கை இருந்தது?" என்றா.

"போன கிழமை உன்ரை கணவாய்."

"அந்தக் கணவாயை நானும்தான் திண்டனான்."

மிச்சக் காளானைத் திரேசம்மா கருவாட்டுத் தட்டில் போட்டு வைத்திருந்தா, பழுதாகாமல் இருக்கட்டும் என்று. எல்லாம் சுருண்டு மண்ணிறமாக, திருக்கைக் கருவாட்டு மணத்தோடு இருந்தது. எது காளான், எது கருவாடு என்று ஒவ்வொன்றாக மணந்து பார்த்தோம். மணத்தால் பிரிக்க முடியாமல் கையால் முறித்துப் பார்த்தோம். எனக்காக இரண்டு பெரிய மீனும் சுற்றித் தந்தா. வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. மீனோடு ஆசுபத்திரிக்குப் போய்க் காவலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

டொக்டர் துண்டுகளைப் படம் எடுத்து, நோர்வேயில் என்னோடு இருக்கிற என் மகளுக்கு அனுப்பச் சொன்னா. மகள் மாரித்திடம் கீழே இறங்கிப் போய்க் காட்டினாள். மாரித் சொன்னதை மகள் போனில் சொன்னாள். "காய்ந்ததைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காயவைத்து அவித்ததால் நஞ்சு குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். உன் அம்மாவிடம் கேள், தண்டில் றோஸ் நிறம் இருந்ததா? நின்ற இடம் ஈரமா, காய்ந்ததா?"

கட்டில் அருகே நின்று யோசித்தேன். தண்டு றோஸ் நிறம் என்று முதலில் நினைவு வந்தது. பிறகு அது அதற்கு முந்திய ஞாயிறு, மாரித்தோடு போனபோது என்று தோன்றியது. வெள்ளைத் தண்டை முறித்ததும் நினைவிருக்கிறது. அன்று என் சப்பாத்து நனைந்தது உண்மை. ஆனால் அந்தச் சப்பாத்தில் ஓட்டை இருந்தது, புல்லில் நடந்தாலே நனையும். தலைக்கு மேலே பைன் மரங்கள் நின்றன. கீழே பாசி இருந்ததோ என்று கேட்டால், சில நேரம் இருந்தது போலவும் சில நேரம் காய்ந்த ஊசியிலை போலவும் தெரிகிறது. கலந்தும் பிடுங்கியிருக்கலாம். டொக்டர் காத்துக்கொண்டு நின்றா. நான் "மறந்துபோனன் பிள்ளை" என்றேன்.

அவ கோபிக்கவில்லை. கமலியின் அட்டையில் ஏதோ எழுதி, இடையில் கொஞ்சம் இடம் விட்டா. "காளானின்ரை பெயர் தெரிஞ்சால் இதிலை எழுதுவியுங்கோ அம்மா. இனி ஏதும் வந்தால் பாக்கிறவைக்கு உதவும்" என்றா. அன்று பின்னேரம் கமலியை வீட்டுக்கு விட்டார்கள். புருசன் என்னைப் பார்க்காமலே அவளைக் கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினார். மீனை அக்கா ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்தா, குனியாமல்.

நான் திரும்பி வந்து மூன்று மாதம். கமலிக்கு இப்போது ஏழாம் மாதம். பிள்ளை உதைக்கிறதாம். போன கிழமையும் போன் எடுத்தாள். "சின்னம்மா, கிளினிக்குக்குப் போற நேரமெல்லாம் அந்த இடத்தைப் பாத்துக் கேக்கினம். நான் வெறுமையா விட்டிருக்கிறன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பகிடியாகவும் சொல்லவில்லை.

திரேசம்மாவிடம் எடுத்த துண்டில் ஏழு என்னிடம் இருக்கிறது, போத்தலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இந்த முறை மேசை போடும் ஞாயிறு வரிசையில் நிற்கப் போகிறேன். என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாததால்தான் முதலில் இங்கே எழுதினேன். இதை வாசிக்கிறவர்களில் காளான் தெரிந்தவர்கள் இருந்தால், நான் எழுதிய அடையாளங்களை ஒருக்கால் சரிபாருங்கள். தண்டு, இதழ், பாசி எல்லாவற்றிலும் நான் மாறிச் சொல்லியிருக்கலாம். பெயர் எது என்று தெரிந்தால் சொல்லுங்கள். கெட்டதின் பெயர் என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள், அவள் அதைத்தான் கேட்கிறாள்.